சாய்த்த ஏணி சறுக்காமல் நிற்க

மொட்டை மாடியில், படிக்கட்டு அறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதைக் கழுவ அலுமினிய ஏணியைச் சாய்த்து ஏறினால் அடிப்பக்கம் வழுக்குகிறது. என்ன செய்யலாம்? – வாசகி, பெருங்குடி

கவலைப்படாதீர்கள் அம்மா, புது ஏணி தேவைப்படாது. அடிப்பக்கம் வழுக்கினால், பெரும்பாலும் ஏணி அதிகமாகச் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நாலுக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. ஏணி 8 அடி உயரத்தில் சுவரைத் தொட்டால், அதன் கால் சுவரிலிருந்து 2 அடி தள்ளி இருக்க வேண்டும். டேப் வேண்டாம். உங்கள் கால்விரல்கள் ஏணிக்காலைத் தொட நிமிர்ந்து நின்று, கைகளை நேரே நீட்டுங்கள். உள்ளங்கை படியில் பட்டால் சாய்வு சரி.

அடுத்து, ஏணியைப் படுக்கவைத்து அடி ரப்பரைப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழவென்றிருந்தால் உடனே மாற்றுங்கள். மழைக்குப் பிறகு மாடி டைல்ஸில் பாசி படியும்; ஏணி நிற்கும் இடத்தைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். சாக்கு மட்டும் போடவே போடாதீர்கள், ஏணியோடு சேர்ந்து அதுவும் நகரும்.

மேல்முனை தளத்துக்கு மேல் 3 அடி நீண்டிருக்கட்டும். ஏணியிலிருந்து தளத்துக்குக் கால் மாற்றும் அந்த நொடியில்தான் பிடிமானம் வேண்டும். மேலே சுவரில் இரண்டு இரும்புக் கொக்கி அடித்து, ஏணியின் இரு பக்கத்தையும் நைலான் கயிற்றால் கட்டுங்கள். பிவிசி குழாயில் கட்ட வேண்டாம், உடையும். கட்டி முடிக்கும்வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாமல், மேலே போனபின் கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள்.