நிறுத்தி வைப்பதும் ஒரு வேலையே!



மெஷினை எப்படி ஓட்டுவது, மக்கர் பண்ணினால் எப்படிச் சரி செய்வது என்று மூன்று வருடம் படிக்கிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை ஆறு மாதம் நிறுத்த வேண்டி வந்தால் என்ன செய்வது? சுவிட்சை அணைத்து, ஷட்டரை இறக்கி, பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதுமா?

நம்ம ஊருக்கு இது தேவையான கேள்வி. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது ஏற்றுமதி ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. இப்படி நிற்கும் காலத்திலும் மெஷின் மேல் வாங்கிய கடனுக்கு வட்டி நிற்பதில்லை. திரும்ப ஆர்டர் வரும் நாளில் மெஷின் ஓடியே ஆக வேண்டும்.

கடற்கரை தரும் பாடம்

நிறுத்தி வைக்கும் கலையை நன்கு அறிந்தவர்கள் படகுக்காரர்கள். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இந்தத் தடை 2017-இல் 61 நாட்களாக நீண்டது. அந்த நாட்களில் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் படகுகளைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, பழுது பார்த்து, பெயிண்ட் அடிக்கிறார்கள். எஞ்சினையும் பிரித்துப் பார்த்துவிடுகிறார்கள்.

குளிர் நாடுகளில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் இதைச் செய்கிறார்கள். எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுவார்கள். டீசல் டாங்கில் காலி இடம் இருந்தால் காற்றின் ஈரம் உள்ளே தண்ணீராகப் படியும் என்பதால் டாங்கை நிரப்பி வைப்பார்கள். பாயைக் கழற்றி, காயவைத்து, மடிப்பார்கள். படகின் எடை ஓரிடத்தில் இறங்காமல் பல இடங்களில் முட்டுக் கொடுப்பார்கள். மேலே மூடினாலும் காற்றுப் போக வழி விடுவார்கள்.

இதைச் சுருக்கினால் ஐந்து விதிகள்: அழுக்கை எடு, ஈரத்தைத் தடு, இழுவையைத் தளர்த்து, காற்று விடு, எழுதி வை. இதே ஐந்தும் நம்ம நிட்டிங் மெஷினுக்கு அப்படியே பொருந்தும்.

நிற்கும் மெஷினின் எதிரி

படகுக்கு உப்பு எப்படியோ, நமக்குப் பஞ்சு அப்படி. சாதாரணச் சூழலில் (65 சதவீத ஈரப்பதம்) பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும் என்று டெக்ஸ்டைல் டெஸ்டிங்கில் படிக்கிறோம். நீடில் இடுக்கில் பஞ்சுத் தூசி தங்கினால், ஈரத்துணியைச் சுற்றி வைத்த கதைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் துரு தானாக வரும்.

"எண்ணெய்தான் இருக்கிறதே" என்று கேட்கலாம். நிட்டிங் ஆயில், துணியில் பட்டால் சலவையில் எளிதில் போக வேண்டும் என்பதற்காகத் தயாரிக்கப்படுவது. மாதக்கணக்கில் துருவைத் தடுக்க அதை நம்பக் கூடாது. அதற்கென்று ரஸ்ட் பிரிவென்டிவ் ஆயில் தனியாக விற்கிறது.

சென்ற கோடை விடுமுறையில், பல மாதம் பூட்டிக் கிடந்த ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டைத் திறந்தபோது, பிட்டர் அண்ணனுக்குக் கையாளாகப் போயிருந்தேன். இரண்டு மெஷின்கள். ஒன்றைச் சுத்தம் செய்து எண்ணெய் பூசி நிறுத்தியிருந்தார்கள். அது அன்று சாயங்காலமே துணி போட்டது. மற்றொன்றைத் துணியோடு அப்படியே விட்டிருந்தார்கள். துணி மாட்டியிருந்த ஊக்கு முனையிலேயே துரு. லாட்ச் பல திறக்கவே இல்லை. "ஓடற மெஷின் கெடறது கம்மி தம்பி, சும்மா நிக்கறதுதான் சீக்கிரம் கெட்டுப் போயிரும்" என்றார் அண்ணன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 இஞ்ச் டயா, 24 கேஜ் மெஷினில் 30 × 3.14 × 24, அதாவது சுமார் 2,260 நீடில். சிங்கிள் ஜெர்ஸி என்றால் அதே அளவு சிங்கரும் உண்டு. ஒரு லாட்ச் இறுகினாலும் துணியில் நெடுக்காகக் கோடு விழும். துருத்துகள் துணியில் ஏறிவிட்டால் சேதம் இன்னும் பெரிது. ஹைட்ரஜன் பெராக்சைடு பிளீச்சிங்கில் இரும்பு, வினையை ஓரிடத்தில் மட்டும் வேகப்படுத்தும். அந்த இடத்தில் நூல் அரித்து ஊசித்துளை விழும். வெள்ளை பனியன் துணி கழிவாகிப் போகும்.

நிட்டிங் மெஷினை நிறுத்தும் முறை

1. சில நாள் நிறுத்தம் என்றால் துணியை விட்டு வைக்கலாம், டேக்டவுன் இழுவையை மட்டும் தளர்த்த வேண்டும். மாதக்கணக்கு என்றால் நூலை அறுத்துத் துணியை முழுதாக இறக்கிவிட வேண்டும். திரும்பத் துணி ஏற்ற அரை நாள் போகுமே என்று பார்க்கக் கூடாது.

2. க்ரீல், ஃபீடர், சிங்கர் ரிங் ஆகியவற்றில் உள்ள பஞ்சை மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். ஏர் பிடிக்கும் முன் கம்ப்ரசர் டாங்கில் உள்ள தண்ணீரை வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாமே ஈரத்தை உள்ளே அடித்தவர்கள் ஆவோம்.

3. கேம் பாக்ஸைத் திறந்து, நீடிலையும் சிங்கரையும் பகுதி பகுதியாகக் கழற்றிக் கழுவி, காய்ந்த பின் துரு தடுக்கும் எண்ணெய் பூச வேண்டும். பகுதிக்கு ஒரு எண் எழுதி, எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். சிலிண்டர் காடிக்கும் கேம் முகத்துக்கும் அதே பூச்சு.

4. மோட்டார் பெல்ட், ஃபீடர் பெல்ட் எல்லாவற்றையும் தளர்த்தி, ரப்பர் ரோலர் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். அழுத்தத்திலேயே நின்றால் ரோலர் ஓரிடத்தில் தட்டையாகிவிடும்.

5. பிளாஸ்டிக் ஷீட்டால் தரைவரை இழுத்துக் கட்டக் கூடாது, உள்ளே வேர்க்கும். மேலே மட்டும் மூடி, கீழே காற்று விட வேண்டும்.

6. யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை போய், ஹேண்டிலால் மெதுவாகச் சில சுற்றுச் சுற்ற வேண்டும். எண்ணெய்ப் படலம் கலையாமல் இருக்கும், ஓடு ஒழுகினாலும் கண்ணில் படும்.

நூல் கோன்களைப் பாலித்தீன் பையில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும்.

பேனல், ஜெனரேட்டர், பாய்லர்

பேனல் போர்டில் கேபிள் நுழையும் ஓட்டையை அடைத்தால்தான் எலி வராது. இன்வெர்ட்டர் டிரைவில் உள்ள கெப்பாசிட்டர் நீண்ட நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் பலம் இழக்கும். ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருந்தால் எடுத்தவுடன் முழு வோல்டேஜ் கொடுக்கக் கூடாது. ஜெனரேட்டருக்குப் படகுக்காரர் விதியே போதும்: டாங்கை நிரப்பு, பேட்டரியைக் கழற்றி மாதாமாதம் சார்ஜ் ஏற்று.

பாய்லருக்கு இரண்டு வழி. சில வாரம் என்றால், ஆக்சிஜனை எடுக்க சோடியம் சல்ஃபைட் கலந்த நீரை விளிம்புவரை நிரப்பி மூடலாம். மாதக்கணக்கு என்றால், முழுதாக வடித்து, உலர்த்தி, சிலிகா ஜெல் வைத்துக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். நெருப்புப் பக்கம் உள்ள கரியும் சாம்பலும் ஈரத்தை இழுக்கும், வழித்து எடுத்துவிட வேண்டும். திறக்கும்போது பாய்லர் சான்றிதழ் காலாவதியாகியிருந்தால், ஆய்வு முடியாமல் தீ மூட்டவே கூடாது.

ஒரு அட்டை, ஒரு உயிர்

படகை நிறுத்தும்போது கடல்நீர் வால்வை மூடியவர், அந்தச் செய்தியைச் சீட்டில் எழுதி எஞ்சின் சாவியிலேயே கட்டிவிடுவார். சாவியைத் தொடுகிறவர் படித்தே ஆக வேண்டும்.

நமக்கு இது கூடுதல் அவசியம். மெஷினை நிறுத்தும் ஆள் திறக்கும் நாளில் இருப்பார் என்று சொல்ல முடியாது. 2020-இல் ஊருக்குப் போன எத்தனையோ வெளிமாநிலத் தொழிலாளர்கள் திரும்ப மாதங்கள் ஆயின. ஆகவே மெயின் சுவிட்சில் ஓர் அட்டை தொங்க வேண்டும். நிறுத்திய தேதி, கழற்றிய பாகங்கள், அவை இருக்கும் இடம், பூசிய எண்ணெய், தளர்த்திய பெல்ட் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி வரி பெரிய எழுத்தில்: "கையால் மூன்று முழுச் சுற்றுச் சுற்றாமல் சுவிட்ச் போடாதே." கழற்றி வைத்த கார்டு திரும்ப மாட்டப்படாமல் மெஷின் ஓடினால், போவது நம்மைப் போன்ற ஒரு பையனின் விரல்.

முடிவுரை

நண்பர்களே, நாளை நாம் சூப்பர்வைசராகவோ, சிறு யூனிட் முதலாளியாகவோ ஆகலாம். ஷட்டர் இறங்கும் நாளில் எல்லோர் மனதும் உடைந்திருக்கும், யாருக்கும் துடைக்கத் தோன்றாது. அன்று "ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்று கேட்டு வாங்கி, வேலையை முடித்துப் பூட்டுகிறவர் நம்மில் ஒருவராக இருக்கட்டும். திரும்ப ஆர்டர் வரும் நாளில், அந்த இரண்டு நாள் உழைப்புதான் பத்துப் பேருக்கு அன்றே வேலை கொடுக்கும்.