மூதறிஞர் சென்ற தூது

தூது செல்லுதல் எளிய செயல் அன்று. வலிமை மிக்க ஒருவன் முன் நின்று, அவன் விரும்பாத உண்மையை அவன் சினம் கொள்ளாதவாறு எடுத்துரைத்தல் வேண்டும். ஆதலின் அன்றோ, திருவள்ளுவர் ‘தூது’ என ஓர் அதிகாரமே வகுத்தார்!

முற்காலத்தில் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைத் திறந்து காட்டிப் பெருமிதம் கொண்டான். ஆங்கிருந்த ஆயுதங்கள் நெய் பூசப்பெற்று, மாலை சூட்டப்பெற்று, புத்தம் புதியனவாய்ப் பொலிந்தன. ஔவையாரோ, தம் அரசனுடைய வேல்கள் போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகக் கூறினார். புகழ்வது போலப் பழித்து, போரின் தன்மையைத் தொண்டைமானுக்கு உணர்த்திய அச் செய்தி புறநானூற்றில் உள்ளது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965-ஆம் ஆண்டு வரை அது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே விளங்கிற்று.

அதே சேலம் மண்ணில் தோன்றிய முதியவர் ஒருவர், நம் காலத்தில் அதனினும் பெரியதோர் ஆயுதச் சாலையின் தலைவரிடம் தூது சென்றார். அவரே மூதறிஞர் இராஜாஜி. அவர் சந்தித்தவர் அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவி, 1789-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வாஷிங்டனுடன் தொடங்கியது. நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். அமெரிக்கத் தலைவரோ ஆட்சியைத் தாமே நடத்துபவர், முப்படைகளுக்கும் தலைவர். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மக்கள் அளிக்கும் வாக்கின் வழியே அப்பதவி நிரப்பப்படுகிறது. அதில் அமர்ந்தோருள் ஆபிரகாம் லிங்கன், 1863-ஆம் ஆண்டில் அடிமை விடுதலை அறிக்கை வெளியிட்டு அழியாப் புகழ் கொண்டார். உட்ரோ வில்சன், முதல் உலகப் போருக்குப்பின் நாடுகளின் சங்கம் தோன்ற உழைத்தார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் அணுகுண்டு ஆக்கும் பணி தொடங்கியது. அவருக்குப் பின் வந்த ட்ரூமன் காலத்தில், 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவிலும், 9-ஆம் நாள் நாகசாகியிலும் அக்குண்டு வீசப்பட்டது. அன்று முதல் அமெரிக்கத் தலைவரின் ஒரு சொல், உலகின் வாழ்வையோ அழிவையோ முடிவு செய்யும் சொல்லாயிற்று.

இனி, தூது சென்றவரின் வரலாற்றைக் காண்போம். இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வழக்கறிஞராய்ப் பெரும் பொருள் ஈட்டினார். 1917-ஆம் ஆண்டில் சேலம் நகராட்சித் தலைவரானார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டதும் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். வானம் பார்த்த அந்தப் பூமியில் எளியதொரு குடிலில் தங்கி, கதர்த் தொழிலையும் மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் வளர்த்தார். 1930-ஆம் ஆண்டில் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்பு அறப்போர்ப் படையை நடத்திச் சென்றார். அப்படை பாடி நடப்பதற்குப் பாட்டு இயற்றித் தந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1937-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சரானதும், மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்திலேயே நடைமுறைப்படுத்தினார். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தார். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே.

இவ்வளவு உயர்ந்த பதவிகளை வகித்து இறங்கியவர், முதுமையில் ஓய்ந்திருக்கவில்லை. அணுகுண்டுச் சோதனைகள் அவர் உள்ளத்தை வருத்தின. 1958-ஆம் ஆண்டின் இறுதியில் வல்லரசுகள் சோதனைகளை நிறுத்தி வைத்தன. ஆனால் அந்த அமைதி நீடிக்கவில்லை. 1961-ஆம் ஆண்டு செப்டம்பரில் சோவியத் நாடு மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அது வெடித்த குண்டு, ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல் மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்ட ஆற்றல் உடையது. 1962 ஏப்ரலில் அமெரிக்காவும் வான்வெளிச் சோதனைகளில் இறங்கியது.

வானில் குண்டு வெடித்தால் அதன் கேடு வெடித்த இடத்தோடு ஒழிவதில்லை. கதிரியக்கத் துகள்கள் காற்றில் ஏறி, கடல் கடந்து, மழையோடு மண்ணில் இறங்குகின்றன. அவற்றுள் ஒன்று ஸ்டிரான்சியம். அது புல்லில் படிகிறது. புல்லை மேய்ந்த பசுவின் பாலில் கலக்கிறது. பாலைப் பருகும் குழந்தையின் எலும்பில் சென்று தங்கிவிடுகிறது. காற்றுக்கு நாட்டெல்லை உண்டோ? சண்டையில் சேராத நாட்டின் குழந்தையும் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. ஆகவேதான், ‘எங்கோ நிகழ்வது நமக்கென்ன?’ என்று இராஜாஜி வாளா இருக்கவில்லை.

1962 ஜூன் திங்களில் காந்தி அமைதி நிறுவனம் புதுதில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியது. வல்லரசுகளிடம் தூதுக்குழு அனுப்புவதென அங்கு முடிவாயிற்று. அமெரிக்கா சென்ற குழுவிற்கு இராஜாஜி தலைவரானார், ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன் சென்றனர். அந்நாளில் அவர் நேருவின் ஆட்சியைக் கடுமையாக எதிர்த்துச் சுதந்திராக் கட்சியை நடத்தி வந்தவர். ஆயினும் அணுச் சோதனையை நிறுத்த வேண்டும் என்பதில் இருவர் கருத்தும் ஒன்றே. நேருவும் 1954-ஆம் ஆண்டிலேயே சோதனைகளை நிறுத்தக் கோரியவர். கட்சி வேறுபாடு பொது நன்மைக்குத் தடையாகவில்லை.

மேலைநாட்டுக்கு இராஜாஜி சென்றது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு வயது 83, கென்னடிக்கு 45. இராஜாஜி சேலம் நகராட்சித் தலைவரான 1917-ஆம் ஆண்டிலேதான் கென்னடி பிறந்தார்! செப்டம்பர்த் திங்களில் வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் சந்திப்பு நிகழ்ந்தது. படைபலமோ பொருட்பலமோ காட்டி அச்சுறுத்த வந்தவர் அல்லர் அம்முதியவர். சோதனைகளை நிறுத்துக என்று மக்கட்குலத்தின் பெயரால் வேண்டி நின்றார். கென்னடி அவருரையைப் பொறுமையோடு கேட்டார். குறித்த நேரத்தையும் கடந்து உரையாடல் நீண்டது.

சிக்கல் எளியதன்று. எதிரி மறைவாகச் சோதனை செய்தால் அறிவது எங்ஙனம் என்று அமெரிக்கா வினவியது. நேரில் வந்து பார்வையிடுதல் வேவு பார்ப்பதே என்று சோவியத் நாடு மறுத்தது. ஒருவரை ஒருவர் ஐயுற்றமையால் இருவரும் ஆயுதத்தைப் பெருக்கினர். அடுத்த திங்களே கியூபா நெருக்கடி தோன்றி, உலகம் அணுப்போரின் விளிம்பிற்குச் சென்று மீண்டது. அந்த அச்சம் இரு தலைவர்களின் கண்ணையும் திறந்தது. 1963 ஆகஸ்டு 5-ஆம் நாள் மாஸ்கோவில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வான்வெளி, விண்வெளி, நீரடி ஆகிய மூவிடத்தும் அணுச் சோதனை செய்தல் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 22-ஆம் நாள் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வுடன்படிக்கை இராஜாஜி ஒருவரால் விளைந்தது என்று கூறுதல் மிகையாகும். கியூபா தந்த பாடமும், அறிவியலார் எச்சரிக்கையும், பல நாட்டுத் தாய்மாரின் குரலும் அதற்குக் காரணங்கள். பல துளி சேர்ந்தே வெள்ளமாகிறது. அவற்றுள் ஒரு துளி சேலத்திலிருந்து சென்றது. பணி முற்றும் நிறைவேறியதும் இல்லை. நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன. இராஜாஜி 1972-ஆம் ஆண்டில் மறைந்தபின், நம் நாடும் 1974-இலும் 1998-இலும் அவற்றைச் செய்தது.

செயல் முழுதும் கைகூடினால்தான் முயல்வேன் என்பவன் எதையும் தொடங்கான். பதவி இல்லை, படை இல்லை, இளமையும் இல்லை என்ற நிலையிலும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் நேரே சென்று சொன்னார் மூதறிஞர். அத்துணிவும், அதனைப் பணிவோடு வெளியிட்ட பண்பும் மாணவர் போற்றிக் கைக்கொள்ளத் தக்கனவாம்.