பலகையைப் பிணைக்கும் கலை

சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரத்தில் கடல் இல்லை. ஆயினும் அவ்வட்டாரத்தின் வழியே செல்லும் பாலாறு தமிழ்நாட்டில் நுழைந்து, சென்னைக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது. அக்கரைக்குச் சோழமண்டலக் கடற்கரை என்று பெயர். மரக்கலத்தின் பலகைகளை உறுதிப்படுத்த அங்கு வாழ்ந்தோர் கண்ட வழி வியப்புக்குரியது.

மரக்கலத்தின் அடியில் நீளவாக்கில் அமைவது ஏரா. அதிலிருந்து விலா எலும்புகள் போல் இருபுறமும் வளைந்து எழுபவை வங்குகள். வங்குகளின்மேல் பலகைகளை ஆணியால் அறைவது ஒரு முறை. வங்கின்மீது படியும் இடத்தில் பலகை உறுதியாக இருக்கும். இரு வங்குகளுக்கு இடையிலோ அதற்குத் தாங்கல் இல்லை. அலை மோதும்போது அவ்விடம் வளையும், மூட்டு விரியும், நீர் புகும்.

சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பல்கள் கரையை அணுக இயலாமல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்குகளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் வங்குகள் இல்லை. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் தைத்தனர். விறைப்பான படகுகளை உடைக்கும் அலையில், தைத்த படகு வளைந்துகொடுத்துத் தப்பியது. ஆனால், தையல் வழியே கசியும் நீரை இறைக்க வேண்டும். கயிறு நைந்தால் மீண்டும் தைக்க வேண்டும். கவனம் தவறினால் உயிருக்கே இடர்.

இத்தையல் கலை இன்றும் அழியவில்லை. அஜந்தா குகை ஓவியத்தில் காணும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, இந்தியக் கடற்படைக்காக ஒரு பாய்மரக் கப்பல் தைக்கப்பட்டது. பழைய வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல்சார் பொறியியல் துறையினர் மாதிரி ஒன்றை நீரில் சோதித்தனர். 2025 மே 21 அன்று அக்கப்பலுக்குக் கௌண்டின்யா எனப் பெயரிடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து புறப்பட்ட அது, 2026 ஜனவரியில் ஓமன் நாட்டு மஸ்கட்டை அடைந்தது.

சிறிய மாதிரிப் படகு செய்வோரும் இதே சிக்கலைச் சந்திக்கின்றனர். மெல்லிய பலகைகளை நீரில் ஊறவைத்து வளைப்பர். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என மாறிமாறி ஒட்டுவர். ஒரே புறமாக ஒட்டினால் ஏரா கோணிவிடும். வெளிப்புறத்தை இழைத்துத் தேய்க்கும்போது பலகை மேலும் மெலியும். எனவே, தேய்ப்பதற்கு முன்பே உட்புறத்தில் பசையில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியைப் படியவைத்து உலரவிடுவர். துணி, தனித்தனிப் பலகைகளை ஒரே உடலாக்குகிறது.

பெரிய கப்பலாயினும் சிறிய மாதிரியாயினும், பலகையின் வலிமை அதன் தடிப்பில் மட்டும் இல்லை. அண்டைப் பலகையோடு அது கொண்ட பிணைப்பிலும் இருக்கிறது.

சொற்பொருள்
மரக்கலம் – மரத்தாலான கப்பல்
ஏரா – கப்பலின் அடிமரம்
வங்கு – கப்பலின் விலாக்கட்டை
இடர் – துன்பம்
கோணுதல் – வளைதல்

பயிற்சி
1. ஆணி அறைந்த படகில் நீர் புகுவது எவ்வாறு?
2. மசூலாப் படகின் நன்மை ஒன்றும் குறை ஒன்றும் எழுதுக.
3. கௌண்டின்யா கப்பலுக்கு மாதிரிச் சோதனை தேவைப்பட்டது ஏன்?
4. பிரித்து எழுதுக: அவ்வட்டாரம், பாய்மரக்கப்பல்.
5. உன் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, கயிற்றால் கட்டியோ தைத்தோ செய்யப்படும் பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.