பாய்மரத்துக்கு எஃகு வேண்டுமா, கயிறு போதுமா?

காரைக்குடியில் பஸ் ஏறித் தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டிக் கடற்கரை. அந்தப் பக்கத்து ஊர்களில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடப்பதுண்டு. மீன்பிடிக்க எஞ்சின் வந்துவிட்டாலும் பாய் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என் தாய்மாமா அவர்களில் ஒருவர். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்தது நான்தான். ஆகவே இதில் பாதி அவர் சொன்னது, பாதி நம் வகுப்பில் படித்தது.

பணக்காரர்களின் உல்லாசப் படகில் பாய்மரத்தைத் தாங்கும் கம்பியை முறுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டர்ன்பக்கிள், கோக்க ஷேக்கிள், பாயை ஏற்ற பேரிங் வைத்த கப்பி என்று எல்லாம் விலை உயர்ந்த சாமான்கள். ஒரு நல்ல டர்ன்பக்கிள் வாங்கும் காசுக்கு எங்க வீட்டில் ஒரு மாத அரிசி வாங்கிப் போட்டுடலாம். மாமாவின் படகில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கயிற்றுக் கண்ணியும் அதில் மாட்டும் மரமுளையும்தான் ஷேக்கிள். கயிற்றைப் பூட்ட ஒரு கட்டை.

இந்தக் கட்டை எப்படித் தாங்குகிறது? பெல்ட் டிரைவ் பாடத்தை நினைத்துப் பாருங்கள். இருபக்க இழுவிசைகளின் விகிதம், இ-யின் மியூ-தீட்டா அடுக்கு. மியூ 0.2 என்று கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் விகிதம் 12-க்கு மேல் வருகிறது. அதாவது பாய் 120 கிலோ இழுத்தாலும் கையில் 10 கிலோ பிடித்தால் போதும். ரைஸ்மில்லில் சக்கரத்தை ஓட்டும் அதே உராய்வு!

ஆனால் கப்பிக்குப் பதில் வெறும் வளையம் போட்டால் இதே உராய்வு எதிரியாகிவிடும். அரைச்சுற்று வளைந்தாலே விகிதம் 1.87. 50 கிலோ பாயை ஏற்ற ஆஞ்சான் கயிற்றை 93 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். வளையத்தை நன்றாக வழவழப்பாக்கி மியூவை 0.1 ஆக்கினால் 69 கிலோவில் முடியும். அதனால் பாய் ஏற்றும் இடத்தில் மட்டும் மாமா மரத்தில் கடைந்த கப்பி வைத்திருக்கிறார். சரியான முடிவு என்பது என் கருத்து.

டர்ன்பக்கிளுக்குப் பதில் இரண்டு கண்களுக்கு நடுவே மெல்லிய சரட்டை மூன்று முறை கோத்து இறுக்குவார்கள். ஆறு சரடு, ஆறு மடங்கு பலன் என்றுதான் நானும் சொன்னேன். மாமா சிரித்தார். ஹாஸ்டலில் கணக்குப் போட்டேன். கையில் இழுக்கும் சரடே முதல் சரடு; ஒவ்வொரு வளைவிலும் இழுவிசை குறைகிறது; மியூ 0.2-ல் மொத்தம் 2.1 மடங்குதான்! கொழுப்புத் தடவி 0.1 ஆக்கினாலும் 3.1 மடங்கு. "ஒவ்வொரு சரடா இழுத்து இறுக்குடா, கடைசியில மட்டும் இழுத்தா ஆகாது" என்று அவர் சொல்வதன் காரணம் இதுதான்.

சிக்கனம் எங்கே கூடாது? பக்கத்துப் படகு ஒன்றில் ஸ்டெயின்லெஸ் பட்டையில் சாதா இரும்பு போல்ட்டை மாட்டியிருந்தார்கள். உப்புத்தண்ணீரில் இரண்டு உலோகம் ஒட்டி நின்றால் பேட்டரி மாதிரிதான். இரும்பு கரைந்துகொண்டே போகும். வெளியே தலை நன்றாக இருந்தது, உள்ளே தண்டு இல்லை. பாய்மரம் சாய்ந்து ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. இந்த அரிப்பைப் பற்றியும் ஆராயும் சிக்ரி நம்ம ஊரில் 1953-லிருந்து இயங்குகிறது. அதன் சோதனைக் கூடம் ஒன்று மண்டபம் கடற்கரையிலேயே இருக்கிறது.

கயிற்றிலும் கவனம் தேவை. முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும்; புரி பிரித்துப் பின்னினால் பெரும்பகுதி நிற்கும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்துபோகும், ஆனால் நைவது கண்ணுக்குத் தெரியும். மாமா வருஷா வருஷம் சரட்டை மாற்றிவிடுகிறார். பழசு ஆடு கட்ட ஆகிறது.