வானத்துக்குப் போகும் வழிச்செலவு

விமானம் ஓட்டிப் பார்க்கும் பாக்கியம் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிட்டும்படி இந்நாட்டில் செய்யப்பட்ட ஏற்பாடுகளுள், தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 1948-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றித் தோற்றுவிக்கப்பட்ட அப்படையில் 1950-இல் விமானப் பிரிவும் சேர்ந்தது. இயந்திரத்துக்கும் பெட்ரோலுக்கும் ஆசிரியருக்கும் அரசாங்கம் செலவு செய்ய, மாணவன் ஒரு காசும் கொடாமல் ஆகாயத்தில் ஏறி இறங்கி வருகிறான். ஆனால், அந்த விமானம் நிற்கும் மைதானத்துக்கு அவன் எப்படிப் போய்ச் சேருகிறான், அதற்கு என்ன செலவாகிறது என்ற விஷயத்தைப் பற்றி, நான் மாணவனாயிருந்த காலத்திலும் சரி, பின்னர் பள்ளி ஆசிரியனாகி அதே படையில் பகுதிநேர அதிகாரியாக இருந்த காலத்திலும் சரி, எவரும் நிறுத்திப் பேசிக் கேட்டதில்லை. என் அனுபவத்தில் கண்டதை அதன் பொருட்டே இங்கே எழுதுகிறேன்.

1976-ஆம் ஆண்டில் நான் சென்னையில் கல்லூரி மாணவன். வீடு திருவொற்றியூரில், தந்தையார் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுபவர், கல்லூரி சேத்துப்பட்டு ரயில் நிலையத்துக்குச் சமீபத்தில் இருந்தது. பறக்கும் பயிற்சியோ மீனம்பாக்கத்தில். 1930-இல் தொடங்கிய சென்னை விமானச் சங்கம் எத்தனையோ தலைமுறை இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த பிரதேசம் அது. எங்களுக்கு வாய்த்தது ‘புஷ்பக்’ என்னும் சிறு விமானம். நம் நாட்டிலேயே பெங்களூரில் செய்தது. ஆசிரியரும் மாணவனும் தோளோடு தோள் உராய அருகருகே அமரக்கூடியது. 90 குதிரைச் சக்தி கொண்ட இயந்திரம். இவ்வளவு லேசான விமானத்தை வெயில் ஏறிய பிறகு ஓட்டினால், தரை சூடேறி மேலெழும் காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போடும். நடுப்பகலுக்குக் கடற்காற்றும் புறப்பட்டுவிடும். நேரம் ஆக ஆகப் பிரயாணி விமானங்களுக்கும் வழிவிட்டு நிற்க வேண்டும். ஆகையால் காலை ஆறு மணிக்கே ஆஜர் எடுத்துவிடுவார்கள். பெயர்ப் பட்டியலில் உள்ளவன் இரண்டு முறை வராவிட்டால் பெயர் அடிபட்டுப் போகும்.

ஆறு மணிக்கு மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டுமானால் மூன்றரை மணிக்கு எழுந்து, நான்கு மணிக்கு பஸ் பிடித்துப் பாரிமுனையில் இறங்கி, கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏற வேண்டும். என்னிடம் மாணவர் சலுகைச் சீசன் டிக்கெட்டு இருந்தது. கல்லூரி முதல்வரின் கையொப்பத்தோடு பாதிக் கட்டணத்தில் வாங்கியது. ஆனால் அந்தச் சலுகை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு மாத்திரமே உரியது. சேத்துப்பட்டைத் தாண்டிய கணத்திலிருந்து நான் சாதாரணப் பிரயாணி ஆகிவிடுவேன். கல்லூரியின் பெயரால் அணிந்த சீருடையோடு, கல்லூரி அனுப்பிய பயிற்சிக்குப் போகிறவனுக்கு, அந்தப் பயிற்சி நடக்கும் ஊர் கல்லூரியாகக் கணக்கில் வராது என்பதை முதன்முதலாக டிக்கெட்டுப் பரிசோதகர் சொல்லித்தான் அறிந்துகொண்டேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன், விதி அப்படி. பத்து நாள் முகாமுக்கு வெளியூர் போனால் ரயில் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு உண்டு. சனிக்கிழமை அணிவகுப்பு முடிந்தால் சிற்றுண்டி உண்டு. சீருடை வெளுக்கக்கூடச் சிறு தொகை தருவார்கள். நகரத்துக்குள்ளேயே இருபது கிலோமீட்டர் போய்வரும் பயிற்சியோ ‘உள்ளூர்’ ஆகிவிட்டபடியால், முகாமும் அல்லாமல் அணிவகுப்பும் அல்லாமல், எந்தக் கணக்கிலும் ஒட்டாமல் நின்றது. அலுவலகத்தில் விசாரித்தபோது அங்கிருந்த எழுத்தர், அதற்கு வழியில்லை என்று சொல்லிக் கோப்பை மூடினார்.

பஸ், ரயில், ஒரு தேநீர், ஒரு பன், திரும்பிக் கல்லூரிக்கு வருவது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை ரூபாய் ஆயிற்று. முதல் வாரத்தில் என் தந்தையாரிடம் எட்டுப் பயணத்துக்கு இருபது ரூபாய் வேண்டும் என்று சொன்னேன். எனக்கு எட்டு முறை பறக்க வாய்ப்பு என்று கூறியிருந்தார்கள்; ஆகவே எட்டுப் பயணம் என்று கணக்கிட்டேன். நான் செய்த பெரிய பிழை அதுதான். மார்கழிப் பனி ஓடுபாதையை மூடியிருந்தால் விமானம் எழும்பாது. பக்கவாட்டுக் காற்று அளவுக்கு மிஞ்சினால் எழும்பாது. இயந்திரத்தில் சிறு கோளாறு என்றால் எழும்பாது. எல்லாம் சரியாயிருந்து என் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டாலும் இல்லை. எட்டு முறை பறப்பதற்கு நான் பத்தொன்பது நாள் போய்வர நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இருபது நிமிஷம். ஆக மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆகாயத்தில் இருந்தேன். பத்தொன்பது நாளைக்கும் ஆன நாற்பத்தேழரை ரூபாயை எட்டால் வகுத்தால், ஒரு முறை பறக்க ஆன வழிச்செலவு ஏறத்தாழ ஆறு ரூபாய். என் தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. பயிற்சி நடந்த அந்த மூன்று மாதமும் அவர் பஸ்ஸை விட்டு நடந்தே வேலைக்குப் போய்வந்தார் என்பதை அம்மா எனக்குப் பிற்பாடு சொன்னாள்.

ஆகையால் இப்பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இது: பறக்கும் நாளைக் கொண்டு கணக்கிடாதீர்கள், பறக்காமல் திரும்பும் நாளையும் சேர்த்து, நினைத்ததைப் போல் இரண்டரை மடங்கு தொகையை முன்னதாகவே வீட்டில் சொல்லிவையுங்கள். இடையில் மீண்டும் மீண்டும் கேட்பதுதான் பெற்றோரையும் பிள்ளையையும் ஒருங்கே வாட்டுவது. முந்தின இரவே வானிலையையும் விமானத்தின் நிலைமையையும் விசாரித்துக்கொள்ள இன்று கைபேசி இருக்கிறது. ‘நாளைக்குப் பயிற்சி இல்லை’ என்ற ஒரு செய்தி ஒரு குடும்பத்தின் காய்கறிச் செலவை மிச்சப்படுத்தும் என்பதை அதிகாரிகளும் மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து இரண்டு இட்லியாவது கட்டிக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு விமானத்தில் ஏறுவது காசை மிச்சப்படுத்துவதாகத் தோன்றினாலும், மேலே போனவுடன் குமட்டலும் தலைச்சுற்றலும் வந்து, அரிதாகக் கிடைத்த இருபது நிமிஷத்தையும் கெடுத்துவிடும். காசை மிச்சம் பிடிப்பதற்காகத் தூக்கக் கலக்கத்தோடு நண்பனின் மோட்டார் சைக்கிளில் இருட்டில் விரைந்து வருவதை நான் அதிகாரியாக இருந்தவரையில் அனுமதித்ததே இல்லை.

டிக்கெட்டுகளைப் பத்திரப்படுத்தும் பழக்கத்தையும் இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். பின்னாளில் விமானப் படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு மைசூருக்கோ டேராடூனுக்கோ போக நேர்ந்தால், ஒரு நுழைவு வகைக்கு முதன்முறையாக வருகிறவருக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அதற்கு டிக்கெட்டு வேண்டும். நானும் அவ்விதம் ஒருமுறை போய்வந்தேன். வாரியம் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் ரயில் செலவு கைக்கு வந்தது. வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலையில் வந்தவனுக்குத் தருவதை, அரசாங்கம் தானே சேர்த்துக்கொண்ட மாணவனுக்கும் தருவதுதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, இவை எல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பட்டியலில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் இருந்தான். விமானத்தின் உறுப்புகளையும் அவற்றின் வேலையையும் ஆசிரியர் ஒருமுறை சொன்னால் மறுமுறை அவன் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். விடியற்காலையில் அவன் ஊரிலிருந்து புறப்பட்டால் ஆறு மணிக்கு மீனம்பாக்கம் வந்து சேர முடியாது. முந்தின நாள் இரவே பாசஞ்சர் வண்டியில் வந்து, சென்ட்ரல் நிலையத்தின் பெஞ்சில் படுத்திருந்துவிட்டு, காலையில் சீருடையை நீவிக்கொண்டு வருவான். அவனுக்கு இரவுச் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்தது. ஐந்தாம் முறையோடு அவன் வருவதை நிறுத்திவிட்டான். மேலே போனால் காதுவலி தாங்க முடியவில்லை என்று அதிகாரியிடம் எழுதிக்கொடுத்தான். அவரும் வருத்தத்தோடு பெயரை அடித்தார். நாங்களும் நம்பினோம். மூன்று மாதம் கழித்து ஒருநாள் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும்போது, “காதுல ஒண்ணும் இல்லடா. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காசு இல்ல. அதை எப்படி எழுதித் தர்றது?” என்றான். என் வீடு திருவொற்றியூரில், அவன் வரும் அதே ரயில் பாதையில் இருந்தது. வாரத்துக்கு ஒரு இரவு என் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நான் அதிகாரியான பிறகு இரண்டு காரியங்களை விடாமல் செய்தேன். மைதானத்துக்கு அருகில், பல்லாவரத்திலும் ஆலந்தூரிலும் குடியிருந்த மாணவர்களின் பெற்றோரை நேரில் பார்த்துப் பேசி, தூரத்துப் பிள்ளைகள் முந்தின இரவு அங்கே தங்குவதற்கு ஏற்பாடு செய்தேன். ஒரு வீட்டிலும் மறுத்ததில்லை. தூரத்திலிருந்து வருகிறவனுக்கு வெவ்வேறு வாரங்களில் இரண்டு முறை கொடுப்பதற்குப் பதிலாக, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் முறை வரும்படி பட்டியலை எழுதச் சொல்லிப் பயிற்சி அதிகாரியிடம் மன்றாடினேன். ஒரு பயணத்தில் இரண்டு காலை கிடைத்தது. முதல் நாள் பனி மூடினாலும் இரண்டாம் நாள் பறந்துவிட்டுத்தான் பையன் ஊருக்குத் திரும்பினான். அரசாங்கத்துக்கு இதனால் ஒரு காசும் கூடுதல் செலவில்லை.

புஷ்பக் போய்விட்டது. இப்பொழுது ஸ்லோவேனியா நாட்டில் செய்த ‘வைரஸ்’ என்னும் நேர்த்தியான நுண்விமானத்தில் பிள்ளைகள் கற்கிறார்கள். ஆயினும் மைதானங்கள் ஊருக்கு வெளியில்தான் இருக்கின்றன. சலுகைச் சீசன் டிக்கெட்டு இன்றும் வீட்டிலிருந்து கல்லூரி வரைக்கும்தான்.

பயிற்சிக்குப் பெயர் எழுதும் முதல் நாளிலேயே, உயரம், எடை, பார்வை இவற்றை அளப்பதோடு, எந்த ஊரிலிருந்து வருகிறாய், வந்துபோக என்ன ஆகும், அது வீட்டில் முடியுமா என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு மாணவனிடமும் தனியே அழைத்துக் கேளுங்கள் என்று அதிகாரிகளை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைகளே, காசு இல்லையென்றால் காசு இல்லை என்றே சொல்லுங்கள். காதுவலி என்று எழுதிக்கொடுக்காதீர்கள்.