பொங்கல் இந்த முறை யார் வீட்டிலே?

தங்கச்சிமாரே, திருவெம்பாவை தொடங்கும்போதே எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்துவிடும். வெள்ளவத்தை மாடிவீட்டில் ஒருத்தி, கொட்டாஞ்சேனையில் தம்பி, பேலியகொடையில் நான், டொரன்டோவில் கடைக்குட்டி. அம்மா இருக்கும் வீடுதான் பண்டிகை வீடு என்ற வசதி நம்மில் பலருக்கு இப்போது இல்லை. கொஞ்சம் யோசித்துத்தான் நடத்த வேண்டியிருக்கிறது.

முதல் வேலையாக, “எங்கட வீட்டிலே எப்பவும் இப்பிடித்தான்” என்று சொல்கிற ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில் தொடங்கியது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். 1990 இல் யாழ்ப்பாண ரயில் நின்றது. திரும்ப ஓடியது 2014 ஒக்டோபரில். இடைப்பட்ட போர்க்கால வருடங்களில் கொழும்பில் இருந்தவர்களுக்குப் பண்டிகைக்கு ஊருக்குப் போவது நினைத்தபடி நடக்கிற காரியம் அல்ல. முற்றத்தில் உலக்கை வைத்து மாக்கோலம் போட்டு மூன்று கல் அடுப்பில் பொங்கியவர்கள், வாடகை வீட்டுக் குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு பொங்கினார்கள். வெடி கொளுத்தவும் பயம். வெடியில்லாத பொங்கல்தான் எங்கள் குடும்ப வழக்கம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த வழக்கத்தின் வயது அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டால் எதை விடலாம், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சண்டையில்லாமல் பேசலாம்.

நான் விடவே வேண்டாம் என்று சொல்வது, பிள்ளைகள் தங்கள் கையால் செய்கிற காரியங்களை. பால் பொங்கும் நேரம் ஒரு பிடி அரிசியைப் பானையில் போடுகிறதே, அது பிள்ளையின் கைதான். கோலம் சின்னதாகலாம், பலகாரம் கடையில் வரலாம். இந்தப் பிடி அரிசியை மட்டும் பெரியவர்கள் அவசரத்தில் தாங்களே போட்டுவிடாதீர்கள்.

மாடிவீட்டில் மண்பானையில் பொங்கலாம். புதுப்பானையை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவிடுங்கள். கேஸ் அடுப்பில் நேரே ஏற்றாமல் கீழே ஒரு பழைய தோசைக்கல்லை வைத்து, சின்ன நெருப்பில் மெல்லச் சூடாக்குங்கள். திடீர்ச் சூட்டில்தான் பானை வெடிக்கிறது. தேங்காய்ப்பால் விடுகிறவர்கள் இரண்டாம் பாலில் அரிசியையும் வறுத்த பயறையும் அவித்து, முதற்பாலைக் கடைசியில் சேருங்கள், இல்லாவிட்டால் திரைந்துவிடும். சர்க்கரை, அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான். கிழக்குப் பார்த்த பலகணி இல்லையென்றால் பொங்கலைக் குசினியில் முடித்து, படையலை மட்டும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். 2022 இல் கேஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றபோது நாங்கள் பின்பக்கத்தில் கல் வைத்து விறகு மூட்டினோம். எங்கள் பிள்ளைகள் மூன்று கல் அடுப்பைக் கண்டது அப்போதுதான். கேஸ் வந்த பிறகும் பொங்கலுக்கு அதுதான் வேண்டும் என்று நிற்கிறார்கள். இடமிருக்கிற வீட்டுக்காரர் இணங்கிப்போங்கள்.

பானைக் கழுத்துக்கு மஞ்சள் வீட்டிலேயே வளர்க்கலாம். 2020 இல் இறக்குமதியை நிறுத்தி மஞ்சள் விலை எங்கோ போனபோது எங்கள் ஒழுங்கையில் பலர் சாடியில் நட்டார்கள். சித்திரை வருடப்பிறப்போடு ஒரு கிழங்கைப் பிள்ளை கையால் நடச் சொல்லுங்கள். எட்டு ஒன்பது மாதத்தில், சரியாகத் தைக்கு, இலையோடு பிடுங்கலாம். மற்றச் சாமான்களுக்கு, 2020 கடைசியில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு வந்த மெனிங் சந்தை எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேங்காய், வாழைக்குலை, இஞ்சி எல்லாம் விடியப்புறம் மொத்தமாக வாங்கி மூன்று வீட்டுக்குப் பிரித்தால் காசும் அலைச்சலும் மிச்சம்.

சித்திரை வருடப்பிறப்பில்தான் நேரப் பிரச்சினை. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொன்று சொல்லும். புகுந்த வீடு ஒன்றைப் பார்க்க, பிறந்த வீடு மற்றதைப் பார்க்கும். சங்கிரமணத்துக்கு முன்னும் பின்னும் நாலு நாலு மணித்தியாலம் விஷு புண்ணியகாலம் இருக்கிறது. இரண்டு பஞ்சாங்கத்துக்கும் பொதுவாக விழும் நேரத்தில் மருத்துநீர் வைத்து முழுகிவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது. மருத்துநீரைக் கோயிலில் முதல்நாளே போத்தலில் வாங்கி வையுங்கள். தலைக்கும் காலுக்கும் எந்த இலை என்பது வருடா வருடம் மாறும், பஞ்சாங்கத்தைப் பார்த்து இலையையும் தேடி வையுங்கள். வைத்துவிடுவது வீட்டில் மூத்தவராக இருக்கட்டும், அம்மா தூரத்தில் என்றால் அந்தக் கடமை உங்களுக்கு.

கைவிசேஷத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன் என்று முடிக்காதீர்கள். அனுப்புங்கள், ஆனால் நேரில் காணும்போது வெற்றிலையில் நெல்லும் பூவும் ஒரு நாணயமும் வைத்துக் கையில் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும் அதே நாள்தான் வருடப்பிறப்பு, நேரம்தான் வேறு. அவர்களுடைய நோனகத நேரம் தொடங்கினால், அடுப்பு மூட்டும் சுபநேரம் வரும்வரை அடுப்பு எரியாது. அந்தச் சுபநேரத்தில் அவர்கள் பாற்சோறு சமைத்த பிறகு பலகாரத் தட்டோடு போங்கள். அவர்கள் கொக்கிஸ் தருவார்கள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற மரியாதை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். வெசாக்குக்குப் பேலியகொடைத் தோரணம் பார்க்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், கூட்டிக்கொண்டு போங்கள். மூங்கில் சிலாகையும் டிசூப் பேப்பரும் வாங்கிக்கொடுத்து ஒரு கூடு கட்டவும் விடுங்கள். இங்கே வளர்கிற பிள்ளைக்கு அதுவும் சொந்த ஊர்ப் பண்டிகைதான்.

பலகாரத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வது, அம்மாவின் கையளவை இப்போதே நிறுத்து வையுங்கள். அம்மாவிடம் பயற்றம் பணியாரத்துக்கு எவ்வளவு மா என்று கேட்டால், “பால்பேணியாலே ரெண்டு, பிறகு பதத்தைப் பார்” என்பார். அந்தப் பதம் புத்தகத்தில் இல்லை. அவர் பேணியால் அள்ளி வைக்க வைக்க, நீங்கள் தராசில் நிறுத்துக் கிராமில் எழுதுங்கள். சீனிப்பாகை விரலில் தொட்டு இழுத்துக் காட்டும்போது வீடியோ எடுங்கள், முகம் தெரியாவிட்டாலும் விரல் தெளிவாகத் தெரியவேண்டும். அந்தக் கொப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். களனி கங்கைக் கரையில் இருக்கிறவர்கள் 2016 மே வெள்ளத்தை மறக்கமாட்டார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களைப் பண்டிகையில் சேர்க்க நேரக் கணக்கு தெரியவேண்டும். தைப்பொங்கல் காலை ஆறரைக்கு இங்கே பால் பொங்கும்போது டொரன்டோவில் முதல்நாள் இரவு எட்டு மணி. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு விழித்திருப்பார்கள், வீடியோவில் கூடவே “பொங்கலோ பொங்கல்” சொல்லலாம். லண்டனில் அப்போது இரவு ஒரு மணி, அவர்களை எழுப்பாமல் இங்கே மத்தியானம் ஆன பிறகு எடுங்கள். சிட்னியில் பகல் பன்னிரண்டு.

பேலியகொடைக்கு விருந்தினரை அழைக்கிறவர்கள், களனி விகாரையின் துருது பெரஹெரா சில வருடங்களில் பொங்கலோடு ஒட்டி வரும் என்பதையும் கவனியுங்கள். அந்த இரவுகளில் கண்டி வீதிப் பக்கம் வாகனம் நகராது, வெள்ளவத்தையிலிருந்து வருகிறவர்களை நேரத்தோடு அனுப்பிவையுங்கள்.

மூத்தவள் என்பதற்காக எல்லாப் பண்டிகையையும் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். பொங்கல் ஒரு வீடு, வருடப்பிறப்பு ஒரு வீடு, ஆடிப்பிறப்புக் கூழும் கொழுக்கட்டையும் ஒரு வீடு, தீபாவளி ஒரு வீடு என்று மாற்றுங்கள். சாப்பிட்டு எழும்ப முதலே அடுத்த வீட்டை முடிவு செய்து கலண்டரில் எழுதுங்கள். ஊருக்குப் போவதென்றால் ரயில் ஆசனப் பதிவு திறக்கும் நாளையும் சேர்த்து எழுதுங்கள். புதிதாகப் பொறுப்பெடுத்த தங்கச்சியிடம் பானையும் அகப்பையும் கொடுத்தபின், அவள் கேட்டால் மட்டும் குசினிக்குள் போங்கள்.