மழை பெய்தது எங்கே? வெள்ளம் வந்தது எங்கே?
– வரைபடம் படிக்கப் பழகுவோம் –



ஒரு கேள்வியோடு தொடங்குவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனம், மயிலம், விழுப்புரம் பகுதிகளில் பேய்மழை கொட்டியது. டிசம்பர் 2-ம் தேதி விழுப்புரத்துக்குத் தென்மேற்கே அரசூர், இருவேல்பட்டு ஆகிய ஊர்களில் வெள்ளம் புகுந்தது. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. அங்கே பாய்ந்த தண்ணீர் முழுவதும் அந்த ஊர்களில் பெய்த மழைதானா? இல்லை என்றால் வேறு எங்கிருந்து வந்தது?

விடை காண ஒரு வரைபடமும், சில எண்களும், ஒரு நூல்கண்டும் போதும். நான் இயற்பியல் கற்பிப்பவன். வரைபடத்துக்கும் இயற்பியலுக்கும் என்ன உறவு என்று நினைக்காதீர்கள். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் ஓர் அளவீடு. அளவீடு என்று வந்துவிட்டால் அது எங்கள் பாடமும்தான்!

எங்கே இருக்கிறோம்?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் எந்தத் திசையில் இருக்கிறது? வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் "வடக்கே" என்பார்கள். சென்னை வடக்கே இருப்பதால் வழியில் உள்ள ஊரும் நேர் வடக்கே இருப்பதாக மனம் எண்ணிக்கொள்கிறது. வரைபடத்தைப் பாருங்கள். விழுப்புரம் ஏறத்தாழ 11° 56' வட அட்சரேகையிலும் 79° 29' கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. திண்டிவனம் ஏறத்தாழ 12° 13' வடக்கு, 79° 39' கிழக்கு. ஒரு டிகிரியில் 60 நிமிடங்கள். ஆகவே திண்டிவனம் 17 நிமிடம் வடக்கே, 10 நிமிடம் கிழக்கே.

அட்சரேகையில் 1 நிமிடம் என்பது தரையில் சுமார் 1.84 கி.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கி வருவதால், நம் பகுதியில் அவற்றின் 1 நிமிடம் சற்றே குறைந்து சுமார் 1.81 கி.மீ. ஆகிறது. இனி பிதாகரஸ் தேற்றம் கைகொடுக்கும்.

வடக்கே: 17 × 1.84 = 31.3 கி.மீ.
கிழக்கே: 10 × 1.81 = 18.1 கி.மீ.
நேர்கோட்டுத் தொலைவு: ஏறத்தாழ 36 கி.மீ.

பேருந்து நிலையத்திலிருந்து அளக்கிறோமா, ரயில் நிலையத்திலிருந்து அளக்கிறோமா என்பதைப் பொறுத்து இது ஒன்றிரண்டு கிலோமீட்டர் மாறலாம். எந்த அளவீட்டிலும் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்று சேர்த்தே சொல்வது நல்ல பழக்கம்.

இந்த அட்சரேகை, தீர்க்கரேகைகளெல்லாம் உத்தேசமாக வந்தவை அல்ல. 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். உங்கள் கணக்குப் புத்தகத்திலுள்ள முக்கோணவியல்தான் இது. இப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கியே நாடு முழுவதும் அளக்கப்பட்டது.

ஒரு தாளில் அடங்காத பயணம்

இந்திய நில அளவைத் துறை வெளியிடும் 1:50,000 தலப்படங்களை அலுவலகங்களில் 'டோப்போ ஷீட்' என்பார்கள். தரையில் உள்ள 50,000 செ.மீ. இதில் 1 செ.மீ. ஆகச் சுருங்குகிறது. அதாவது 2 செ.மீ. என்றால் 1 கி.மீ. விழுப்புரம் – திண்டிவனம் தொலைவு 72 செ.மீ. ஆகிவிடும். ஒரு தாள் 15 நிமிட உயரத்தையே காட்டும். அது சுமார் 55 செ.மீ.தான். ஆகவே இரு ஊர்களும் ஒரே தாளில் அடங்கா.

நெடுங்காலமாக வழங்கிவரும் எண் முறைப்படி, 12° அட்சரேகைக்கு வடக்கே உள்ள நம் பகுதி 57 என்ற எண்ணிலும் தெற்கே உள்ளது 58 என்ற எண்ணிலும் வரும். அந்த 12° கோடு விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே செல்கிறது. திண்டிவனம் 57 P. விழுப்புரம் 58 M. பக்கத்து ஊர்தானே என்று ஒரே தாளில் தேடினால் ஏமாந்து போவோம். தாள்களின் விளிம்பைப் பொருத்தி ஒட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் தாளின் விளிம்பில் நிற்பதில்லை அல்லவா?

பழுப்புக் கோடுகள்

தலப்படத்தில் பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து செல்பவை சமஉயரக் கோடுகள். ஒரே கோட்டில் உள்ள எல்லா இடங்களும் கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும். 1:50,000 படத்தில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு பொதுவாக 20 மீட்டர்.

இரண்டு கோடுகள் படத்தில் 2 மி.மீ. இடைவெளியில் இருந்தால், தரையில் 100 மீட்டர் நடப்பதற்குள் 20 மீட்டர் ஏற வேண்டும். செஞ்சிக் குன்றுகளில் இப்படிக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். அதே கோடுகள் 2 செ.மீ. விலகி இருந்தால், 1 கி.மீ.க்கு 20 மீட்டர்தான் ஏற்றம். திண்டிவனம், விழுப்புரம் சமவெளியில் கோடுகள் அதைவிடவும் விலகியிருக்கும். நெருங்கிய கோடுகள் உள்ள இடத்தில் தண்ணீர் விரையும்; விலகிய இடத்தில் தேங்கும்.

கோடுகள் ஓர் ஓடையைக் கடக்கும்போது 'V' போல மடியும். அந்த V-யின் கூர்முனை எப்போதும் மேட்டை, அதாவது தண்ணீர் வரும் திசையைக் காட்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால், அம்புக்குறி இல்லாமலே ஓடை ஓடும் திசையைச் சொல்லிவிடலாம்.

ஏரிக்கரை சொல்லும் சேதி

சமவெளியில் கோடுகள் குறைவாயிற்றே, சரிவை எப்படி அறிவது? நம் முன்னோர் அதற்கும் ஓர் அடையாளம் வைத்துப் போயிருக்கிறார்கள். தலப்படத்தில் ஏரிகளைப் பாருங்கள். ஒரு பக்கம் கரை வில்போல அழுத்தமாக வளைந்திருக்கும். எதிர்ப்பக்கம் கரையே இராது. தண்ணீரைத் தடுக்கத் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை போட்டால் போதும். ஆகவே கரை இருக்கும் பக்கமே பள்ளம். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஏரிகளை ஒன்றோடொன்று பென்சிலால் இணைத்துப் பாருங்கள். தண்ணீரின் பாதை படத்தில் தெரியும்.

எண்களை வரைபடத்தில் ஏற்றுவோம்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். வானிலைத் துறையின் மழை அளவு, குறித்த நாள் காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. 'டிசம்பர் 1' என்று போட்டிருந்தால் அதன் பெரும்பகுதி நவம்பர் 30-ல் பெய்ததாக இருக்கும். தேதியைத் தவறாகப் படித்தால் முடிவும் தவறாகும்.

2024 டிசம்பர் 1-ம் தேதிக் கணக்கில் மயிலத்தில் மழை ஏறத்தாழ 50 செ.மீ. இதே அளவு, டிசம்பர் 2-ம் தேதிக் கணக்கில், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் பதிவாயிற்று. இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் எங்கே போகும்?

மயிலம் வட்டாரத்து நீர், வீடூர் அணையில் கூடும் சங்கராபரணி, தொண்டியாறு ஆகியவற்றைச் சார்ந்தது. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி புதுச்சேரிக்குத் தெற்கே கடலை அடைகிறது.

ஊத்தங்கரை நீர் பாம்பாற்றின் வழியே தென்பெண்ணையில் சேர்கிறது. கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, சாத்தனூர் அணையைத் தாண்டி, திருக்கோவிலூர் வழியாக, விழுப்புரத்துக்குத் தெற்கே ஓடிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணையிலிருந்து பிரியும் மலட்டாறும் பெருக்கெடுத்தது.

விடை கிடைத்துவிட்டது! விழுப்புரம் பகுதியிலும் மழை பெய்தது உண்மை. ஆனால் தென்பெண்ணைக் கரை ஊர்களைச் சூழ்ந்த வெள்ளத்தில் பெரும்பங்கு, வேறு மாவட்டங்களில் பெய்த மழை. மாவட்ட எல்லை நிர்வாகத்துக்கு வரைந்த கோடு. தண்ணீருக்கு எல்லை, மேடுகளின் முகட்டை இணைக்கும் கோடு. அந்தக் கோட்டுக்குள் விழும் நீர் எல்லாம் ஒரே ஆற்றுக்கு வரும். அதுதான் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி.

எவ்வளவு தண்ணீர்? எவ்வளவு நேரம்?

ஒரு சதுர கி.மீ. நிலத்தில் 50 செ.மீ. மழை என்றால் 10,00,000 × 0.5 = 5 லட்சம் கன மீட்டர் நீர். 1 கன அடி என்பது 28.3 லிட்டர். ஆகவே 1.68 லட்சம் கன அடி என்பது விநாடிக்கு ஏறத்தாழ 4,750 கன மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு நாள் முழுக்கக் கொட்டிய அந்த மழை, சாத்தனூர் மதகுகளில் வெறும் 105 விநாடிகளில் கடந்துபோகும்!

சாத்தனூரிலிருந்து விழுப்புரம் நேர்கோட்டில் சுமார் 75 கி.மீ. ஆறு வளைந்து வருவதால், 90 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் விநாடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 11 கி.மீ. வேகத்தில் வருவதாகக் கொண்டால், 8 மணி நேரம் ஆகும். இந்த வேகமும் தொலைவும் நம் ஊகம்தான். ஆயினும் ஒன்று தெளிவு. அணையில் நீர் திறந்த செய்தி வந்த நேரத்துக்கும், நீர் வாசலுக்கு வரும் நேரத்துக்கும் இடையே சில மணி நேரம் இருக்கிறது. முதியவர்களையும் குழந்தைகளையும் கால்நடைகளையும் மேட்டுக்குக் கொண்டுபோக அந்த நேரம் போதும். ஆனால் தன் ஊர் வானத்தை மட்டும் பார்த்து "மழைதான் விட்டுவிட்டதே" என்று இருப்பவருக்கு அந்த நேரம் வீணாகிவிடும்.

வரைபடம் சொல்லாதது

வரைபடத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் தெருவில் தண்ணீர் வருமா வராதா என்பதை ஒரு மீட்டர் உயரமே முடிவு செய்துவிடும். 20 மீட்டர் இடைவெளிக் கோடுகளில் அந்த ஒரு மீட்டர் தெரியாது. பழைய தாளில் ஏரியாக இருந்த இடம் இன்று மனைப்பிரிவாக இருக்கலாம். புதிய சாலை ஒன்று ஓடைக்குக் குறுக்கே கரைபோல நிற்கலாம். எனவே தாளின் ஓரத்தில் அச்சிட்டுள்ள அளவீட்டு ஆண்டை முதலில் பாருங்கள். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்து, மீதியை நீங்களே நிரப்புங்கள். அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஓர் அளவீடுதான்.

செய்து பாருங்கள்

1. ரயில் நிலைய நடைமேடையின் கோடியில் உள்ள மஞ்சள் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் எழுதியிருக்கும். திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை ஒவ்வொரு நிலையத்தின் உயரத்தையும் சேகரித்து வரைபடத்தாளில் புள்ளியிடுங்கள். எந்த நிலையம் தாழ்ந்தது? முண்டியம்பாக்கம் – விக்கிரவாண்டி இடையே ஒரு ரயில் பாலத்தில் 2024 டிசம்பர் 2 அன்று வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. உங்கள் புள்ளிகளோடு அதை ஒப்பிடுங்கள்.

2. சாத்தனூரிலிருந்து விழுப்புரம் வரை ஆற்றின் வளைவுகளின்மேல் நூலைப் பதித்து, பிறகு நீட்டி அளந்து பாருங்கள். 90 கி.மீ. என்ற என் ஊகம் சரியா? தவறு என்றால் 8 மணி நேரக் கணக்கைத் திருத்துங்கள்.

3. உங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே போகிறது என்று படம் வரையுங்கள். அந்தப் படத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டுங்கள். அடுத்த மழைக்காலத்தில் ஊருக்கே அது உதவும்.